ஒற்றை நோயாளியின் மரபணு வெளிப்பாட்டு முடிவு விநோதமாக வந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

ஒரு நோயாளி, ஒரு மாதிரி, ஏறக்குறைய 20,000 மரபணுக்கள். எதிரே ஓர் ஒப்பீட்டுக் குழு. இதை வைத்து "இவருக்கு எந்த மரபணுவின் வெளிப்பாடு, அதாவது ஆர்என்ஏ அளவு, வழக்கத்தைவிட அதிகம், எது குறைவு" என்று சொல்ல வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி "என்ன இது, இப்படி வந்திருக்கு" என்று தலையைச் சொறிய வைக்கும் முடிவு வந்து சேரும். அப்படி வந்தவற்றைத் தோண்டித் தோண்டி எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: நோயாளியின் மாதிரியைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன். முதல் சந்தேகம் எப்போதும் ஒப்பீட்டுக் குழுவின் மேல்தான்.

கீழே உள்ள வரிசையில் ஒவ்வொரு அறிகுறிக்கும் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கக்கூடிய காரணம் முதலில் வரும். புதிதாக ஆர்என்ஏ எடுக்க வேண்டிய காரணம் கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் குதித்த தடவையெல்லாம் நாள்கள்தான் வீணாயின.

## எதற்கும் முன்னால்: குழுவில் ஒருவரை நோயாளி ஆக்குங்கள்

ஒப்பீட்டுக் குழுவிலிருந்து ஒரு மாதிரியை வெளியே எடுங்கள். மீதிப் பேரைக் குழுவாக வைத்து, எடுத்தவரை நோயாளி போலவே பைப்லைனில் (கணக்கிடும் நிரல்களின் வரிசையில்) விடுங்கள். இப்படி ஐந்தாறு பேருக்குச் செய்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை மரபணுக்கள் "விலகல்" என்று வருகின்றன என எண்ணுங்கள்.

எல்லாம் ஒழுங்காக இயல்நிலைப் பரவலில் இருந்தால், இசட் மதிப்பு (குழுவின் நடுவிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்ற எண்) மேலோ கீழோ 3-ஐத் தாண்டுவது தற்செயலாகவே 20,000-இல் 54 மரபணுக்களுக்கு நடக்கும். நிஜத் தரவில் வால் தடிமனாக இருப்பதால் இதைவிடக் கூடுதலாகவே வரும். அந்தக் கூடுதல் எவ்வளவு என்பதுதான் உங்கள் அளவுகோல்.

குழுவில் இருப்பவர்களுக்கே 800, 900 என்று வந்தால் முறையில் கோளாறு. நோயாளியின் பட்டியலைத் திறக்கவே வேண்டாம். அவர்களுக்கு நூற்றுச் சொச்சமும் நோயாளிக்கு 4,000-மும் வந்தால், நோயாளிக்கும் குழுவுக்கும் நடுவே ஏதோ பொருந்தவில்லை. முதல் அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 1: ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஒரேயடியாக விலகி நிற்கின்றன

ஒரு விஷயத்தைத் தீர்த்துவிட்டு மேலே போவோம். புற்றுக் கட்டியைச் சாதாரணத் திசுவோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கில் வரத்தான் செய்யும். அது பிழையல்ல, கேட்ட கேள்விக்கான பதில். "இந்தக் கட்டி இதே வகையின் மற்ற கட்டிகளிலிருந்து எதில் வேறுபடுகிறது" என்பது உங்கள் கேள்வி என்றால், அதே வகைக் கட்டிகளின் குழுவை எடுங்கள். டிசிஜிஏ என்ற பொதுப் புற்றுநோய்த் தரவுத் தொகுப்பில் 33 வகைப் புற்றுநோய்கள் இருக்கின்றன.

அது காரணமில்லை என்றால், நோயாளியின் எல்லா இசட் மதிப்புகளையும் ஒரு ஹிஸ்டோகிராமாகப் போடுங்கள். அடுத்து எங்கே பார்ப்பது என்பதை அதன் வடிவமே சொல்லிவிடும்.

### மேடு முழுவதும் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால்

அலகு பொருந்தவில்லை. ஒரு பக்கம் லாக் எடுத்திருப்பார்கள், இன்னொரு பக்கம் எடுத்திருக்க மாட்டார்கள். அல்லது ஒன்று டிபிஎம், மற்றது எஃப்பிகேஎம். இரண்டும் மரபணு நீளத்துக்கும் மொத்த ரீடுகளுக்கும் (கருவி படித்த ஆர்என்ஏ துண்டுகளுக்கும்) ஏற்பச் சரிசெய்த அலகுகள்.

பார்க்கும் வழி: இரண்டு அட்டவணையிலும் மிகப் பெரிய எண்ணைப் பாருங்கள். டிபிஎம்மின் மொத்தமே பத்து லட்சம்தான். 2-இன் 20ஆம் படி அதைத் தாண்டிவிடும். ஆகவே லாக்2 எடுத்த டிபிஎம் அட்டவணையில் 20-க்கு மேல் ஓர் எண் இருக்கவே முடியாது. இருந்தால் லாக் எடுக்கவில்லை, அல்லது அது டிபிஎம்மே இல்லை.

இதில் ஒளிந்துகொள்ளும் ரகம் ஒன்று உண்டு. ஒருமுறை இரண்டு அட்டவணைகளுமே லாக் எடுத்தவை, எண்களும் பார்க்க நியாயமாகவே இருந்தன, ஆனால் விலகல் பட்டியல் மட்டும் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. குழுவின் மீடியனைக் கிடையச்சிலும் நோயாளியைச் செங்குத்தச்சிலும் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் அழகாக ஒரே கோட்டில் நின்றன. சாய்வு மட்டும் 1 இல்லை, 0.69. அங்கேயே விளங்கிவிட்டது. 2-இன் இயல் மடக்கை 0.693. ஒரு பக்கம் லாக்2, மறுபக்கம் இயல் மடக்கை. அதற்கு முன்பே பேட்ச் திருத்தம் (வெவ்வேறு தொகுப்பாக ஓட்டியதால் வரும் வேறுபாட்டைக் கழிப்பது) என்று ஒன்றரை நாள் செலவழித்திருந்தேன். இப்போதெல்லாம் இந்தச் சிதறல் படத்தைப் போடாமல் வேறெதையும் தொடுவதில்லை.

### மேடு நடுவில்தான் நிற்கிறது, ஆனால் இரு பக்கமும் அகன்று கிடந்தால்

அலகு சரி, செய்முறை வேறு. இதற்குள் நான்கு கிளைகள்.

இழைத்திசை அமைப்பு, அதாவது ரீடு டிஎன்ஏவின் எந்த இழையைக் குறிக்கிறது என்பது. கவுண்ட் (மரபணுவுக்கு எத்தனை ரீடு என்ற எண்ணிக்கை) எடுக்கும்போது லைப்ரரியின் (கருவியில் ஓட்டத் தயாரித்த துண்டுத் தொகுப்பின்) இழைத்திசையைத் தலைகீழாகக் கொடுத்தால், மரபணுக்களுக்குள் விழுந்த ரீடுகளின் விகிதம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். எதிரிழையில் இருக்கும் மரபணுக்கள் திடீரென்று முளைக்கும். கவுண்ட் நிரலின் சுருக்கக் கோப்பில் "ஒதுக்கப்பட்டவை" என்ற வரியைக் குழுவோடு ஒப்பிட்டாலே போதும், இரண்டு நிமிட வேலை.

மரபணுப் பட்டியலின் பதிப்பு. நோயாளிக்கு ஜென்கோடு என்ற மரபணுப் பட்டியலின் ஒரு பதிப்பு, குழுவுக்குப் பழைய பதிப்பு. எக்ஸான் (மரபணுவில் எம்ஆர்என்ஏவாகத் தங்கும் பகுதி) எல்லைகள் மாறியிருக்கும், சில மரபணுக்கள் இணைந்திருக்கும், சில பிரிந்திருக்கும். தீர்வு ஒன்றே: இரண்டு பக்கத்தையும் மூல ரீடுகளிலிருந்து ஒரே பைப்லைனில் ஓட்டுங்கள். "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று விட்டுவிட்டால், அது வேறொரு நாள் வந்து நிற்கும்.

லைப்ரரி வகை. பாலி-ஏ வால் (எம்ஆர்என்ஏவின் முனையிலுள்ள ஏ எழுத்துத் தொடர்) உள்ளவற்றை மட்டும் தேர்வு செய்த மாதிரியை ரைபோசோம் ஆர்என்ஏ நீக்கிய மாதிரியோடு ஒப்பிட்டால், ஹிஸ்டோன் மரபணுக்கள் காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலான ஹிஸ்டோன் எம்ஆர்என்ஏவுக்குப் பாலி-ஏ வால் கிடையாது. அதனால் பாலி-ஏ தேர்வில் அவை வடிகட்டப்பட்டுவிடும், மற்றதில் தங்கிவிடும். விலகல் பட்டியலின் உச்சியில் ஹிஸ்டோன் பெயர்கள் வரிசையாக நின்றால் உயிரியல் விளக்கம் தேடாதீர்கள். இதைக் கணக்கால் சரிசெய்ய முடியாது. டிபிஎம்மாக மாற்றினாலும் சரியாகாது, ஏனென்றால் டிபிஎம் ஒரு பங்கு. பங்கு போடும் மொத்தமே வேறாகிவிட்டது. பொருத்தமான குழுவைத் தேடுங்கள்.

பேட்ச். மேலே உள்ள மூன்றும் சரியாக இருந்தால்தான் இதற்கு வர வேண்டும். காம்பேட் என்ற பேட்ச் திருத்த முறை 2007-இலிருந்து இருக்கிறது, கையும் பழகியிருக்கும். ஆனால் நோயாளி மட்டும் தனியாக ஒரு பேட்ச்சில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். பேட்ச்சின் விளைவும் நோயின் விளைவும் அங்கே ஒன்றோடொன்று கலந்துவிட்டன. திருத்துகிறேன் என்று இறங்கினால் நோயையும் சேர்த்துத் துடைத்துவிடும். விலகல்கள் மறைந்ததும் "சரியாகிவிட்டது" என்று தோன்றும். சரியாகவில்லை, காணாமல் போய்விட்டது.

இதற்கு நேர்மையான வழி ஆய்வகத்தில்தான் இருக்கிறது. முன்பே குழுவில் ஓடிய சில மாதிரிகளின் மீந்த ஆர்என்ஏவை, நோயாளியோடு அதே தொகுப்பில் மறுபடி ஓட்ட வேண்டும். அந்தப் பாலம் இருந்தால்தான் எது பேட்ச், எது நோய் என்று பிரிக்க முடியும். செலவுதான். ஆனால் இந்த இடத்தில் மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பது அதைவிடச் செலவு.

### இரண்டு மேடுகள் தெரிந்தால், அல்லது கீழ்ப்பக்கம் மட்டும் நீண்ட வால் இருந்தால்

ஆர்என்ஏ சிதைந்திருக்கலாம், அல்லது ரீடுகள் போதாது. முதலில் ரீடு எண்ணிக்கையைப் பாருங்கள்; அது உங்கள் கையில் இருக்கிறது. அப்புறம், மரபணுவின் உடல் நெடுக ரீடுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற படம். எல்லாம் 3' முனையில் குவிந்திருந்தால், உடைந்த ஆர்என்ஏவைப் பாலி-ஏ வாலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீளமான மரபணுக்கள் குறைந்ததாகவும் குட்டையானவை கூடியதாகவும் தெரியும்.

எங்கே நிறுத்துவது: பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த திசுவிலிருந்து எடுத்த ஆர்என்ஏ என்றால் டிவி200 அளவைக் கேளுங்கள். 200 நியூக்ளியோடைடைவிட நீளமான துண்டுகளின் விழுக்காடு அது. 30-க்குக் கீழே இருந்தால் புள்ளியியலாளர் செய்ய ஒன்றுமில்லை. மாதிரி எடுத்த ஆய்வகத்தையும் பேத்தாலஜிஸ்ட்டையும் கூப்பிடுங்கள். வேறொரு துண்டு கிடைக்குமா என்று அவர்கள்தான் சொல்ல முடியும்.

## அறிகுறி 2: எதுவுமே விலகவில்லை

மருத்துவர் கண்ணெதிரே நோய் இருக்கிறது, பட்டியலோ காலி. இதைக் கண்டு பலர் "அப்படியானால் ஆர்என்ஏவில் ஒன்றும் இல்லை" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

### தரவரிசையை வைத்துப் பி-மதிப்பு எடுத்தீர்களா?

ஆம் என்றால் கணக்கிலேயே முட்டுக்கட்டை. குழுவில் 60 பேர் இருந்தால், நோயாளி எல்லோரையும் மிஞ்சி நின்றாலும் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி-மதிப்பு (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) 61-இல் 1, அதாவது 0.0164. இதை 20,000 மரபணுக்களுக்குப் பெஞ்சமினி-ஹாக்பர்க் திருத்தத்தில் (பல சோதனைகளை ஒரே நேரத்தில் செய்வதால் வரும் பொய் வெற்றிகளைக் கட்டுப்படுத்துவது) 5 விழுக்காட்டு வரம்போடு விட்டால், ஒரு மரபணு தேற வேண்டுமானாலும் 6,500-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒரே நேரத்தில் அந்த உச்சியில் இருக்க வேண்டும். நடக்கிற காரியமா? அந்தச் சோதனைக்கு "ஆம்" என்று சொல்லும் வாயே கிடையாது.

தீர்வு இரண்டு. மருத்துவர் ஏற்கெனவே சந்தேகிக்கும் நூறு இருநூறு மரபணுக்களோடு மட்டும் சோதனையை நிறுத்துங்கள். பட்டியலை முடிவைப் பார்ப்பதற்கு முன் எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஒரு பரவலை வைத்துக் கணக்கிடும் முறைக்கு மாறுங்கள். அரிய நோய் வேலையில் 2018-இல் வந்த அவுட்ரைடர் அப்படிப்பட்டது: கவுண்டுகளுக்கு எதிர்மறை ஈருறுப்புப் பரவலை எடுத்துக்கொண்டு, மறைந்திருக்கும் பேட்ச் போன்றவற்றை ஓர் ஆட்டோஎன்கோடரால் (தரவின் பொதுப் போக்குகளைக் கற்றுக்கொள்ளும் நிரலால்) கழித்துவிட்டு, ஒவ்வொரு மரபணுவிலும் யார் விலகி நிற்கிறார் என்று பார்க்கும்.

### குழுவின் சிதறல் ஊதிப் போயிருக்கிறதா?

குழுவுக்குள்ளேயே ஒரு கெட்ட மாதிரி இருந்தால் திட்ட விலக்கம் பெருத்து, நோயாளி அதற்குள் மறைந்துவிடுவார். சராசரி, திட்ட விலக்கம் இரண்டையும் விட்டுவிட்டு மீடியனையும் எம்ஏடியையும் (மீடியனிலிருந்து உள்ள விலகல்களின் மீடியனையும்) எடுங்கள். எம்ஏடியை 1.4826-ஆல் பெருக்கினால் அது திட்ட விலக்கத்துக்கு இணையாகும். உதாரணத்துக்கு, குழுவின் மீடியன் 5.0, எம்ஏடி 0.4, நோயாளி 8.0 என்று வையுங்கள். 0.4-ஐ 1.4826-ஆல் பெருக்கினால் 0.593, வித்தியாசம் 3-ஐ அதால் வகுத்தால் 5.06. அதே மரபணுவுக்கு ஒரே ஒரு கெட்ட மாதிரியால் திட்ட விலக்கம் 1.5 ஆகியிருந்தால் இசட் வெறும் 2. ஆள் அதேதான், ஆனால் பட்டியலில் இருக்க மாட்டார்.

### திசுவில் அந்த மரபணு பேசுகிறதா?

தசை நோய்க்கு ரத்தத்தை அனுப்பியிருப்பார்கள். ரத்தத்தில் அந்த மரபணு படியெடுக்கப்படுவதே இல்லை என்றால் விலகல் எங்கிருந்து வரும்? பல திசுக்களின் மரபணு வெளிப்பாட்டைத் தொகுத்த ஜிடெக்ஸ் தளத்தில் மரபணுப் பெயரைப் போட்டால் எந்தத் திசுவில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதன் எட்டாம் பதிப்பில் 948 கொடையாளர்களிடமிருந்து 54 திசுக்கள், 17,382 மாதிரிகள் உள்ளன. தசை நோயாளிகளின் தசை பயாப்சியிலேயே ஆர்என்ஏவைப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், டிஎன்ஏவால் மட்டும் விடை கிடைக்காத 50 பேரில் 35 விழுக்காட்டினருக்கு நோய்க்காரணம் தெரிந்தது. சரியான திசுவுக்கு அவ்வளவு மதிப்பு.

முழு ரத்தம் என்றால் இன்னொன்றும் உண்டு. குளோபின் நீக்காமல் லைப்ரரி செய்தால் ரீடுகளில் பெரும்பங்கை ஹீமோகுளோபின் மரபணுக்களே தின்றுவிடும்.

எங்கே நிறுத்துவது: திசு பொருந்தவில்லை என்று தெரிந்ததும் நிறுத்துங்கள். தோல் பயாப்சியா, தசை பயாப்சியா என்பது மருத்துவரின் முடிவு. "ஒன்றுமில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். "இந்தத் திசுவில் இந்த மரபணுக்களைப் பார்க்கவே முடியவில்லை" என்று பெயர்களோடு எழுதுங்கள்.

## அறிகுறி 3: ஒரே ஒரு மரபணு வானத்தைத் தொடுகிறது

இசட் 13, 14 என்று ஒரு மரபணு. கூட்டத்தில் இதைக் காட்டினால் எல்லோர் முகமும் மலரும். மலர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை:

வெளிப்பாடு எவ்வளவு? இதுதான் பெரும்பாலும் விடை. குழுவின் மீடியன் 0.05, எம்ஏடி 0.02, நோயாளி 0.45 என்றால் இசட் 13.5 வரும். எண்கள் லாக்2-வில், டிபிஎம்மோடு 1 கூட்டியவை. பிரித்துப் பார்த்தால் நோயாளியின் டிபிஎம் 0.37. நாலைந்து ரீடுகள் அதிகமாக விழுந்திருக்கும், அவ்வளவுதான். இசட் மதிப்பைக் கூடவே டிபிஎம் இல்லாமல் அறிக்கையில் போடவே கூடாது என்பது என் கட்சி. குழுவிலும் நோயாளியிலும் டிபிஎம் 1-க்குக் கீழே இருப்பதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

குழு எத்தனை பேர்? எட்டுப் பேரை வைத்து எடுத்த இசட்டை இயல்நிலை அட்டவணையில் பார்க்காதீர்கள். நரம்பு உளவியலில் இதே சிக்கலுக்கு க்ராஃபோர்டும் ஹவலும் 1998-இல் கொடுத்த வழி இங்கும் பொருந்தும்: திட்ட விலக்கத்தை, 1-உடன் குழு எண்ணிக்கையின் தலைகீழைக் கூட்டி அதன் வர்க்கமூலம் எடுத்து, அதனால் பெருக்குங்கள், பிறகு டி-பரவலில் பாருங்கள். எட்டுப் பேர் குழுவில் இசட் 4 என்பதன் பி-மதிப்பு இயல்நிலையில் 0.00006, இந்த வழியில் ஏறக்குறைய 0.007. நூறு மடங்கு வித்தியாசம்.

எந்த மரபணு? சில பெயர்களுக்கு அடையாளமே உண்டு. ஃபாஸ், ஜூன் போன்றவையும் வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுக்களும் சேர்ந்து ஏறியிருந்தால், திசு வெட்டியதற்கும் உறைய வைத்ததற்கும் நடுவே நேரம் ஓடியிருக்கலாம். ஹீமோகுளோபின் ஏறியிருந்தால் திசுவில் ரத்தம். பிஆர்எஸ்எஸ்1 போன்ற கணையச் செரிமான மரபணுக்கள் கணையமே அல்லாத திசுவில் தென்பட்டால், பக்கத்து மாதிரியிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று முதலில் நினையுங்கள். ஜிடெக்ஸிலேயே இந்தக் கலப்பு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இவை எதுவும் இல்லை, டிபிஎம்மும் கணிசம், ரீடுகளைத் திரையில் திறந்து பார்த்தால் எக்ஸான்களில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன என்றால், அது நிஜமாக இருக்கலாம். அப்போது ஆய்வகத்தைக் கூப்பிட்டு, மீந்த ஆர்என்ஏவில் க்யூபிசிஆர் (ஒரு மரபணுவின் ஆர்என்ஏவைத் தனியாக அளக்கும் சோதனை) போடச் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: நேற்று ஒரு ஸ்கோர், இன்று வேறு ஸ்கோர்

அதே நோயாளி, அதே கோப்பு. நேற்று பாதை ஸ்கோர் (சேர்ந்து வேலை செய்யும் ஒரு மரபணுக் கூட்டத்துக்கான மதிப்பெண்) 0.31, இன்று 0.22. நடுவே நீங்கள் செய்தது இன்னும் நாலு மாதிரிகளைச் சேர்த்ததுதான்.

"ஒற்றை மாதிரி" என்று பெயரில் இருப்பதெல்லாம் ஒற்றை மாதிரியல்ல. பாதை ஸ்கோர் தரும் ஜிஎஸ்விஏ முறை முதல் படியிலேயே ஒவ்வொரு மரபணுவின் பரவலையும் எல்லா மாதிரிகளையும் வைத்து மதிப்பிடுகிறது. கூட்டம் மாறினால் ஸ்கோர் மாறும். எஸ்எஸ்ஜிஎஸ்இஏ என்ற இன்னொரு முறை அந்த மாதிரிக்குள்ளே இருக்கும் தரவரிசையை மட்டும் பார்ப்பதுதான். ஆனால் வழக்கமான ஆர் தொகுப்பில் கடைசியாக ஒரு நார்மலைசேஷன் படி இருக்கிறது, அது எல்லா ஸ்கோர்களின் வீச்சால் வகுக்கும். அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஆடாமல் நின்றால் காரணம் அதுதான். சிங்ஸ்கோர் போன்ற, தரவரிசையோடு நின்றுவிடும் முறைகளில் இந்தத் தொல்லை இல்லை.

மார்பகப் புற்றை 50 மரபணுக்களால் வகைப்படுத்தும் பாம்50 உள்வகையிலும் இதே கதை. 50 மரபணுக்களை முதலில் குழுவின் மீடியனால் மையப்படுத்துவார்கள். குழுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்களும் இல்லாதவர்களும் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அதைப் பொறுத்து மீடியன் நகரும். ஏற்பி உள்ளவர்கள் மட்டுமே நிறைந்த குழுவில் வைத்தால் ஒருவரின் உள்வகையே மாறிப்போகலாம். மூன்று விதமான குழுவில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே உள்வகை வந்தால் சரி. வராவிட்டால், "மரபணு அ, மரபணு ஆவைவிட அதிகமா" என்று அந்த ஒரே மாதிரிக்குள் சோடி சோடியாக ஒப்பிடும் விதிகளைப் பயன்படுத்தும் முறைக்கு மாறுங்கள், எய்ம்ஸ் அப்படிப்பட்டது. சிகிச்சை முடிவு இதை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கு அனுப்புங்கள். நம் மடிக்கணினியில் ஓடிய உள்வகையை மருத்துவர் மேசைக்கு அனுப்பக் கூடாது.

## அறிகுறி 5: கட்டி ஒன்று, இயல்பான திசு ஒன்று, பி-மதிப்பில் நாற்பது பூஜ்யங்கள்

ஒன்றுக்கு ஒன்று ஒப்பீடு, பிரதி (அதே நிலையில் இன்னொரு மாதிரி) கிடையாது. இவ்வளவு நிச்சயம் எங்கிருந்து வந்தது? சிதறலைப் பூஜ்யம் என்றோ வெறும் பாய்சான் (எண்ணும்போது வரும் தற்செயல் மாறுபாடு மட்டும்) என்றோ யாரோ வைத்திருக்கிறார்கள். கவுண்டுகளை ஒப்பிடும் டெசெக்2 நிரல் இந்த விளையாட்டுக்கு வருவதில்லை; 1.22 பதிப்பிலிருந்து பிரதியில்லாத தரவைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் ஆட்கள் அதே வேலை செய்யும் எட்ஜ்ஆர் பக்கம் வந்து, சிதறலைத் தாங்களே கொடுக்கிறார்கள்.

எட்ஜ்ஆர் கையேடு, மனிதத் தரவில் உயிரியல் மாறுபாட்டுக் கெழுவுக்கு (மாதிரிக்கு மாதிரி உள்ள ஏற்ற இறக்கத்தின் அளவுக்கு) 0.4 என்ற எண்ணை உத்தேசமாகத் தருகிறது. மரபணு ரீதியாக ஒரே மாதிரியான ஆய்வக உயிரிகளுக்கு 0.1, தொழில்நுட்பப் பிரதிகளுக்கு 0.01. யாராவது 0.01-ஐ நோயாளிக்குப் போட்டிருந்தால் நாற்பது பூஜ்யம் வந்ததில் ஆச்சரியமில்லை. நிரலில் கொடுக்க வேண்டியது இந்தக் கெழுவின் வர்க்கம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 0.4 என்றால் 0.16 போட வேண்டும்.

நான் செய்வது: 0.2, 0.4, 0.6 மூன்றிலும் ஓட்டுவேன். மூன்றிலும் தங்கும் மரபணுக்களை மட்டும் வரிசைப்படுத்துவேன், பி-மதிப்பை அறிக்கையில் காட்டவே மாட்டேன். அது அளந்த எண் அல்ல, நாம் ஊகித்துக் கொடுத்த எண்ணின் எதிரொலி.

தனித்தனி மரபணுவை விட்டுவிட்டு, ஒரு பாதையிலுள்ள எல்லா மரபணுக்களையும் சோடியாக வைத்து வில்காக்சன் சோதனை செய்பவர்களும் உண்டு. யோசனை நல்லது, ஒரு மரபணுவின் சத்தம் கூட்டத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்தச் சோதனை மரபணுக்கள் ஒன்றையொன்று சாராதவை என்று நினைத்துக்கொள்கிறது. ஒரே பாதையிலுள்ளவை சேர்ந்தேதான் ஏறி இறங்கும். அதனால் பி-மதிப்பு மறுபடி ஊதும். சோதிக்க, இரண்டு சாதாரணத் திசு மாதிரிகளை எதிரெதிரே வைத்து ஓட்டுங்கள். அங்கேயும் ஐம்பது பாதைகள் "மாறியிருந்தால்" எவ்வளவு தள்ளுபடி செய்வது என்று தெரிந்துவிடும்.

## அறிகுறி 6: மரபணுக்கள் காணாமல் போகின்றன, அல்லது பெயர் மாறி நிற்கின்றன

எக்ஸெல். மார்ச்1, செப்ட்2 என்ற பெயர்களைத் தேதியாக்கிவிடும். மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே சலித்துப்போய் 2020-இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றியது. பழைய கோப்புகளில் பழைய பெயர்தான் இருக்கும்.

இதைவிட ஆபத்தானது, வரிசை ஒரு கட்டம் நழுவுவது. 2009-இல் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும், புற்றுநோய் மருந்துத் தேர்வுக்கென வெளியான மரபணுப் பட்டியல்களை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது, பெயர்கள் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்ததைக் காட்டினார்கள். நழுவிய பட்டியலும் ஒழுங்கான பட்டியல் போலவேதான் இருக்கும். அடையாள எண்ணை வைத்து இணையுங்கள், வரிசையை நம்பாதீர்கள். அப்புறம் உங்கள் திசுவில் உச்சத்தில் இருக்க வேண்டிய ஐந்து மரபணுக்கள் உச்சத்தில்தான் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். கல்லீரலில் ஆல்புமின் காணோம் என்றால் மேலே போக வேண்டாம்.

## அறிகுறி 7: பேத்தாலஜி ஒன்று சொல்கிறது, ஆர்என்ஏ வேறொன்று சொல்கிறது

### முதலில், இது அவர் மாதிரிதானா?

வழக்கமாகப் பெண்களில் மட்டும் வெளிப்படும் எக்ஸ்ஐஎஸ்டி மரபணுவையும் ஆர்பிஎஸ்4ஒய்1, டிடிஎக்ஸ்3ஒய், கேடிஎம்5டி ஆகிய ஒய் நிறப்புரி மரபணுக்களையும் பாருங்கள். ஆண் என்று பதிவான மாதிரியில் முதலாவது உச்சத்திலும் மற்றவை பூஜ்யத்திலும் இருந்தால் குழாய் மாறியிருக்கலாம். "இருக்கலாம்" என்பதை அழுத்திச் சொல்கிறேன்: ஆண்களின் கட்டிகளில் ஒய் நிறப்புரி தொலைந்துபோவதுண்டு, செமினோமா போன்ற விந்தணுச் செல் கட்டிகளில் எக்ஸ்ஐஎஸ்டி தென்படுவதுண்டு. உறுதிசெய்ய, ஆர்என்ஏ ரீடுகளில் தெரியும் மாறுபாடுகளை அவருடைய டிஎன்ஏவோடு ஒப்பிடுங்கள். பாலினம் பொருந்துவதால் மட்டும் மாதிரி அவருடையது என்று ஆகிவிடாது. இரண்டு பெண்களின் குழாய்கள் இடம் மாறினால் இந்த மரபணுக்கள் வாய் திறக்காது.

### மாதிரி அவருடையதுதான் என்றால்

கட்டி எவ்வளவு தூய்மை என்று பாருங்கள். எடுத்த துண்டில் 30 விழுக்காடுதான் புற்றுச் செல் என்றால், அந்தச் செல்களில் 4 மடங்கு ஏறிய மரபணு மொத்தத்தில் 1.9 மடங்காகத்தான் தெரியும். நீங்கள் 2 மடங்கு என்று வரம்பு வைத்திருந்தால் அது பட்டியலிலேயே இருக்காது. எதிர்ப்பக்கமும் நடக்கும்: "நோயெதிர்ப்பு மரபணுக்கள் ஏறியிருக்கின்றன" என்பது பல சமயம் துண்டில் நிணநீர் முடிச்சின் ஓரம் சேர்ந்து வந்ததுதான். பேத்தாலஜிஸ்ட்டிடம் அந்தத் துண்டின் ஸ்லைடைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் அவர் சொல்வது, செல் விகிதத்தைக் கணக்கிடும் எந்த நிரலும் சொல்வதைவிட நம்பகமானது.

தூய்மையும் சரி என்றால், எம்ஆர்என்ஏவும் புரதமும் ஒத்துப்போகாத நிஜமான நிலையாக இருக்கலாம். ஹெர்2 போன்ற, மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும் குறியீட்டில் புரதத்தைக் காட்டும் சாயச் சோதனையும் மரபணுவின் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் சோதனையும்தான் முடிவு. ஆர்என்ஏ எண் அங்கே கேள்வி எழுப்பலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது.

எங்கே நிறுத்துவது: குழாய் மாறியிருக்கிறது என்ற சந்தேகம் வந்த நிமிடமே. மாறியிருந்தால் பாதிக்கப்பட்டவர் ஒருவரல்ல, இருவர். இரண்டாவது நபர் யாரென்று உங்கள் தரவில் இருக்காது. அதே நாளில் ஓடிய மற்ற மாதிரிகளின் பதிவு ஆய்வகத்திடம்தான் இருக்கும். அறிக்கை ஏற்கெனவே போயிருந்தால் முதல் ஃபோன் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு, இரண்டாவது ஆய்வகத்துக்கு. மின்னஞ்சல் அதற்கு அப்புறம் போகட்டும்.